மலைச்சாலையில் இன்ஜின் ஆட்டம்: அதிர்வைக் கூட்டாமல் அடக்கும் வழிமுறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 36. இந்த ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம், வண்டியைத் திருப்புகிறோம், மறுபடி மிதிக்கிறோம். காலை எடுக்கும்போது ஒரு பக்கமும் மிதிக்கும்போது மறுபக்கமுமாக இன்ஜின் தன் மவுண்டிங்குகளின் (அதை வண்டியின் உடலோடு பிணைக்கும் ரப்பர் தாங்கிகளின்) மேல் சாய்ந்து எழுகிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் காரில் இந்தச் சாய்வு பெரிதாகத் தெரிவதில்லை. ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி, முறுக்குவிசையைக் கூட்டிய டர்போ காரிலும், பிடிமானம் அதிகமுள்ள டயர் மாட்டிய காரிலும் அது ஓசையாகவும் உதறலாகவும் கியர் விழாத தொல்லையாகவும் வெளிப்படுகிறது.

அப்போது பலர் செய்வது, இருப்பதிலேயே கடினமான மவுண்டிங்குகளை ஒரு செட்டாக வாங்கி மூன்று இடத்திலும் மாட்டிவிடுவது. ஆட்டம் நின்றுவிடும், ஆனால் சீசன் நேரத்தில் உதகை சேரிங் கிராஸ் நெரிசலில் ஐடிலிங்கில் நிற்கும்போது ஸ்டீயரிங், இருக்கை, டாஷ்போர்டு எல்லாம் நடுங்கத் தொடங்கும். நானும் அதைச் செய்து, ஒரு மே மாதம் முழுவதும் உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் ஒரே பஸ்ஸை இரண்டாகப் பார்த்துக்கொண்டு ஓட்டிவிட்டுத்தான் மவுண்டிங்குகளைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

ஆட்டமும் அதிர்வும் ஒரே ரப்பரின் வழியாகத்தான் வண்டியின் உடலுக்கு வருகின்றன என்றாலும் இரண்டும் அளவில் வேறானவை. ஐடிலிங் அதிர்வு என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில், விநாடிக்கு இருபது முப்பது முறை நிகழும் நடுக்கம். ஆட்டம் என்பது பல மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒருமுறை போய் ஒருமுறை திரும்பும் சாய்வு. ஆகவே முதல் ஓரிரு மில்லிமீட்டருக்கு மென்மையாகவும், அதைத் தாண்டியபின் கடினமாகவும் தாங்கும் மவுண்டிங் இருந்தால், ஆட்டம் அடங்கும், அதிர்வு கூடாது. எந்த மவுண்டிங்கை, எந்தத் திசையில், எத்தனை மில்லிமீட்டருக்குப் பிறகு கடினமாக்குவது என்ற கேள்விக்கு விடை தேடுவதாகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் அணுகியிருக்கிறேன்.

பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளிலும் சிறிய செடான்களிலும் இன்ஜின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. மேலே ஒரு பக்கம் இன்ஜின் மவுண்டிங், எதிர்ப்பக்கம் கியர்பாக்ஸ் மவுண்டிங், அடியில் சப்ஃபிரேமுடன் (உடலின் அடியில் உள்ள இரும்புச் சட்டத்துடன்) இணைக்கும் டார்க் ராட் என்று மூன்று புள்ளிகளில் அது தொங்குகிறது. எடையை மேல் இரண்டும் தாங்குகின்றன. முறுக்கின் பெரும்பகுதியைத் தாங்குவது டார்க் ராட். அந்தச் சிறிய தண்டின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இன்ஜின் 175 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து அதை 14 மடங்காக்குகின்றன என்று வைத்துக்கொண்டால், சக்கரங்களுக்குப் போவது 2,450 நியூட்டன் மீட்டர். அதே அளவு எதிர்முறுக்கு இன்ஜின் கட்டமைப்பின் மேல் விழுகிறது. டார்க் ராட் மேல் மவுண்டிங்குகளிலிருந்து 45 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அதை இழுக்கும் விசை ஏறத்தாழ 5,400 நியூட்டன், அதாவது அரை டன்னுக்கும் சற்று அதிகம்.

முதலில் கண்ணால் பார்ப்பது

எதையும் கழற்றுவதற்கு முன், இன்ஜின் எவ்வளவு ஆடுகிறது, எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இதற்குச் சமதளம் தேவை. நீலகிரியில் அது எளிதில் கிடைப்பதில்லை என்பது தெரிந்ததே. சரிவில் கியரில் நிறுத்திய கார் ஏற்கெனவே டார்க் ராட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும் என்பதால், அங்கே எடுக்கும் அளவு தவறாகிவிடும்.

நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை அமர்த்தி, பிரேக்கையும் அழுத்திப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இன்ஜினின் மேல் மூடியில் சாக்பீஸால் ஒரு கோடும், அதற்கு நேர் எதிரே உடலின் அசையாத பகுதியில் இன்னொரு கோடும் போட்டு, போனை ஸ்லோ மோஷனில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து படம் எடுக்க வேண்டும். காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டு, இன்ஜின் அழுந்தத் தொடங்கியதும் மறுபடி மிதிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸ் கியரிலும் அதையே செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று முறை போதும், அதற்கு மேல் போனால் கிளட்ச் கருகும்.

முதல் கியரில் இன்ஜினின் தலை ஓட்டுநரை நோக்கிச் சாயும், அடிப்பகுதி முன்னோக்கிப் போகும், டார்க் ராட் இழுபடும். ரிவர்ஸில் எல்லாம் தலைகீழ். சாக்பீஸ் கோடு நகர்ந்து, மெல்ல இறுகி நின்றால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது என்று கொள்ளலாம். தடையின்றி ஓடிப்போய்ச் சட்டென்று முட்டி நின்றால் ரப்பர் கிழிந்திருக்கிறது, அல்லது அதன் இடைவெளி முழுவதும் தீர்ந்துபோகிறது. முன்னும் பின்னும் போகும் தூரங்களில் பெரிய வேறுபாடு இருந்தால் ஒரு பக்கத்து ரப்பர் மட்டும் போயிருக்கிறது. கோடு முன்பின்னாக அல்லாமல் மேலும் கீழுமாக நகர்ந்தால் டார்க் ராட்டை விட்டுவிட்டு மேல் மவுண்டிங்குகளைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச்சை விட்டதும் அடியில் ‘டொக்’ என்று ஒற்றை ஓசை

ஏற்றத்தில் புறப்படும்போது ஒருமுறை, கியர் மாற்றியபின் மறுபடி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒருமுறை என்று ஓசை வந்தால் பத்தில் எட்டு முறை குற்றவாளி டார்க் ராட்டின் பெரிய புஷ்தான் (நடுவில் இரும்பு உருளை வைத்த ரப்பர் வளையம்) என்பது என் அனுபவம். ஆனாலும் அதற்கு முன் மூன்றை விலக்கிவிட வேண்டும். சப்ஃபிரேம் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டில் தளர்வு இருக்கிறதா, கன்ட்ரோல் ஆர்ம் புஷ் வெடித்திருக்கிறதா என்பவையே அவை. மூன்றும் ஒரே மாதிரி ‘டொக்’ தரக்கூடியவை; மவுண்டிங்குக்குச் செலவழித்த பிறகு இவற்றைக் கண்டுபிடிப்பது எரிச்சலான வேலை.

டார்க் ராட்டை வண்டியிலேயே வைத்து டயர் லீவரால் நெம்பிப் பார்க்கலாம், ஆனால் கழற்றிக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஈடாகாது. என் காரில் முதன்முறை அதைக் கழற்றியபோது மேலோட்டமாக ரப்பர் முழுசாகத்தான் தெரிந்தது. குன்னூரில் எனக்கு வேலை செய்து தரும் பெரியவர், “தம்பி, நடு உருளையை நெம்பிட்டுப் பாருங்க” என்றார். திருப்புளியை நுழைத்து நடுவில் இருந்த இரும்பு உருளையை ஒரு பக்கமாகத் தள்ளியதும், ரப்பரின் ஒரு கை வேரோடு அறுந்து விலகி நின்றது. அறுந்த முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பாகியிருந்தன. விரலால் தொட்டால் கரிபோல் தூள் ஒட்டியது. புதிய கிழிசல் என்றால் முகம் மங்கலாகச் சொரசொரவென்று இருக்கும். ஆக, அந்த ஓசை எனக்குக் கேட்பதற்கு நெடுநாள் முன்பே அது கிழிந்திருக்கிறது.

சமவெளிக் கார்களில் பெரும்பாலும் இழுபடும் பக்கம்தான் முதலில் போகிறது. மலைக் கார்களில், இறக்கம் முழுவதும் கீழ்க் கியரில் இன்ஜின் பிடிமானத்தோடு வருவதால், அழுந்தும் பக்கமும் சேர்ந்து தேய்கிறது. இரவு நிறுத்தும் முறையும் ஒரு காரணம். சரிவில் கியரைப் போட்டுவிட்டு, கடைசியில் ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாக இழுத்தால், காரின் எடை முழுவதும் கியரின் வழியாக டார்க் ராட்டில் தொங்குகிறது. 1,100 கிலோ கார் எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் அப்படி நின்றால், மேலே சொன்ன கணக்கின்படி அந்த புஷ்ஷின் மேல் இரவெல்லாம் 90 கிலோ அளவுக்கு ஒரு சுமை இருந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து ஒரு பக்கமாக அழுத்திவைத்த ரப்பர் அந்தப் பக்கமாகவே படிந்துபோகும். பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, காலை எடுத்து வண்டியை அதில் அமரவிட்டு, அதன்பிறகு கியரைப் போட்டால் இந்தச் சுமை விழாது.

கிழிந்திருந்தால் முதலில் கம்பெனி தரத்திலேயே புதிய டார்க் ராட்டை மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடுகிறது. பழைய கிழிந்த ரப்பரோடு புதிய கடின இன்செர்ட்டை (புஷ்ஷின் வெற்றிடங்களில் செருகும் துண்டை) ஒப்பிட்டு, இன்செர்ட்டால்தான் வண்டி திருந்தியது என்று சொல்பவர்கள், புதிய சாதாரண ரப்பரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் பிறகும் ஆட்டம் அடங்கவில்லை என்றால்தான் புஷ்ஷின் வெற்றிடங்களை நிரப்பும் பாலியூரித்தேன் இன்செர்ட்டுக்குப் போக வேண்டும். ரப்பர், பாலியூரித்தேன் ஆகியவற்றின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கம்பெனி ரப்பர் பொதுவாக 45 முதல் 60 வரை இருக்கும். சாலையில் ஓடும் காருக்கு 70 முதல் 80 வரை உள்ள இன்செர்ட்டே அதிகபட்சம், 90-ஐத் தாண்டுவது பந்தயத் தளத்துக்கு மட்டும் உரியது.

கடினத்தைவிட முக்கியமானது இடைவெளி. ஐடிலிங்கில் நியூட்ரலில் நிற்கும்போது சக்கரத்துக்கு முறுக்கு ஏதும் போகாததால், டார்க் ராட்டின் மேல் ஏறத்தாழச் சுமையே இருக்காது. உருளை வெற்றிடத்தின் நடுவே மிதந்துகொண்டிருக்கும். இன்செர்ட் அந்த உருளையை எல்லாப் பக்கமும் கவ்விப் பிடித்தால், ஒவ்வொரு சிலிண்டரின் வெடிப்பும் நேராக சப்ஃபிரேமுக்குப் போகும். இரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அந்த நடுக்கம் பழைய மென்மையான ரப்பரிலேயே முடிந்துவிடும். முறுக்கு ஏறும்போது மட்டும் உருளை நகர்ந்து இன்செர்ட்டில் சாயும். ஆகவே இறுக்கமாகப் பொருந்தும் இன்செர்ட்டை வாங்கியவர்கள், உருளையைத் தொடும் முகத்தை அரத்தால் சீவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் காரில் டி-யில் பிரேக்கைப் பிடித்து நிற்கும்போதே சிறிது முறுக்கு இருந்துகொண்டிருக்கும் என்பதால், இழுபடும் பக்கத்தில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும்.

முன்கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசையை வெற்றிடத்தில் பிதுக்கி நிரப்புவது மலிவான வழி. நான் அதை எதிர்ப்பவன் அல்லன். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் இறுகும். உதகைக் குளிரில் இது இன்னும் தாமதமாகும். மேலே தோல் கட்டியதைப் பார்த்து மறுநாளே மாட்டினால் உள்ளே களிம்பாகவே இருந்து பிதுங்கி வெளியே வரும். ஒரு வாரத்துக்குக் குறையாமல், வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருக்க வேண்டும். நிரப்பும்போது உருளையின் இரு பக்கமும் மெழுகு தடவிய அட்டையைச் செருகி, இறுகியபின் உருவிவிட்டால் மேலே சொன்ன இடைவெளியும் கிடைத்துவிடும்.

இறக்கத்தில் காலை எடுத்தாலும் கொடுத்தாலும் வண்டி முன்பின்னாக உதறுகிறது

இது கல்லட்டியில் நன்றாகத் தெரியும். அங்கே முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்க வேண்டும் என்பதால், ஆக்சிலரேட்டரில் விரலளவு மாற்றம்கூட இன்ஜினை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தூக்கி எறியும். இன்ஜின் ஆடினால் உடல் ஆடும். உடல் ஆடினால் காலும் ஆடும். கால் ஆடினால் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து ஆடும். டார்க் ராட் சரியாக இருந்தும் இந்த உதறல் நீடித்தால், ரப்பரைக் கடினமாக்கிப் பயனில்லை, ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்ச வேண்டும்.

சில கார்களில் மேல் மவுண்டிங் வெறும் ரப்பராக இல்லாமல், உள்ளே கிளைக்கால் கலந்த திரவம் அடைத்த ஹைட்ராலிக் வகையாக இருக்கும். பெரிய அசைவு வரும்போது திரவம் ஒரு குறுகிய தடத்தின் வழியே ஓடி ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். சிறிய நடுக்கத்துக்கு அந்தத் தடம் வேலை செய்யாது, மவுண்டிங் மென்மையாகவே இருக்கும். நாம் தேடிக்கொண்டிருக்கும் குணம் இதுதான், கம்பெனியே அதைக் கொடுத்திருக்கிறது. அதன் உறையில் கரிய ஈரக்கறை வழிந்திருந்தால் திரவம் போய்விட்டது, மாற்ற வேண்டும். அந்த இடத்தில் முழு ரப்பரையோ பாலியூரித்தேனையோ வைப்பது கேடு. விலை அதிகம் என்று சாதாரண ரப்பர் மவுண்டிங்கை மாட்டிவிட்டு, பிறகு ஐடிலிங் நடுக்கத்துக்கு வேறு எங்கெங்கோ காரணம் தேடும் கார்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஹைட்ராலிக் மவுண்டிங் இல்லாத காரில், இன்ஜினின் தலைக்கும் சஸ்பென்ஷன் மேடைக்கும் நடுவே சிறிய ஷாக் அப்சார்பர் போன்ற டாம்பர் ஒன்றைப் பொருத்தலாம். அது நிலையாக நிற்கும்போது எடையைத் தாங்காது. இன்ஜின் வேகமாகச் சாயும்போது மட்டும் எதிர்க்கும். இரு முனையிலும் ரப்பர் புஷ் உள்ளதாகவும், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாகவும் தேர்ந்தெடுத்து, மிகத் தளர்ந்த நிலையிலிருந்து தொடங்கி உதறல் நிற்கும் வரை ஒவ்வொரு படியாகக் கூட்ட வேண்டும். முனைகளில் இரும்பு உருண்டை ஜாயின்ட் உள்ளவை டாஷ்போர்டுக்கு முணுமுணுப்பைக் கொண்டுவரும்.

ஈரச் சாலையில் ஏற்றத்தில் முன்சக்கரம் குதிக்கிறது

மழைத் தூறலில், வளைவின் உள்பக்கச் சக்கரம் பிடியிழந்து சுழலும்; பிடி கிடைத்ததும் இன்ஜின் சட்டென்று பின்னோக்கிச் சாயும்; அந்தச் சாய்வின் எதிர்வீச்சில் மறுபடி பிடி போகும். இது விநாடிக்குப் பலமுறை நடக்கும்போது வண்டி முன்புறம் தடதடவென்று அடிக்கும். டார்க் ராட்டில் இடைவெளியைக் குறைப்பது இங்கே உண்மையாகவே பயன் தருகிறது. ஆனால் கன்ட்ரோல் ஆர்மின் பின்புற புஷ்ஷும் பாதிக் காரணமாக இருக்கும். அதைப் பார்க்காமல் டார்க் ராட்டை மட்டும் மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே போனால் நடுக்கம்தான் மிஞ்சும். புறப்பாட்டுச் சோதனைகளை மலைச்சாலையில் செய்யக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்குக் கீழே கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது.

வளைவின் நடுவில் இரண்டாம் கியர் விழ மறுக்கிறது

கியர்பாக்ஸ் நகர்கிறது, லீவர் நகரவில்லை. ஆகவே நீங்கள் தேடும் இடத்தில் கியர் இல்லை. தண்டு இணைப்புள்ள கார்களில் இது அதிகம், கேபிள் உள்ளவற்றில் குறைவு. கியர்பாக்ஸ் பக்க மவுண்டிங்கைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீரும். நின்ற வண்டியிலும் அதே கியர் சிரமப்பட்டுத்தான் விழுகிறது என்றால் இது மவுண்டிங் பிரச்சினை அன்று, கிளட்ச் பிரச்சினை.

ஆட்டம் நின்றது, ஆனால் ஐடிலிங்கில் நடுக்கம் வந்துவிட்டது

இன்செர்ட் மாட்டியவர்களில் பாதிப் பேர் வந்து நிற்கும் இடம் இது. முதலில் நடுக்கம் எந்த வேகத்தில் வருகிறது என்று அளக்க வேண்டும். போனில் உள்ள அதிர்வுமானிச் செயலி எதுவாயினும் போதும். டாஷ்போர்டில் வைத்தால் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று ஹெர்ட்ஸ் கணக்கில் காட்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்.பி.எம்.-இல் நின்றால் விநாடிக்கு 13.3 சுற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்பதால் 26.7 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் என்றால் ஒன்றரை வெடிப்பு, அதாவது 20 ஹெர்ட்ஸ். செயலி இந்த எண்ணைக் காட்டினால் வழக்கமான வெடிப்புத் துடிப்பு மவுண்டிங் வழியாகக் கசிகிறது என்று பொருள், தொடர்ந்து படிக்கலாம். 13.3-இல் முனை தெரிந்தால் ஃபிளைவீலோ கிளட்ச்சோ முன்புல்லியோ சமநிலை இழந்திருக்கிறது. 6.7-இல் தெரிந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரிவதில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் என்று போக வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் முன்பே இருந்தவைதான், மென்மையான ரப்பர் இதுவரை அவற்றை மறைத்து வைத்திருந்தது.

வெடிப்புத் துடிப்புதான் என்றால், கணக்கு இப்படி அமைகிறது. மவுண்டிங்குகளின் மேல் அமர்ந்திருக்கும் இன்ஜினுக்குத் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. துடிப்பு அதைப் போல 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கும், அதற்குக் கீழே வந்தால் கூட்டிவிடும். இயல்பு அதிர்வெண் 12 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் 17-க்கு மேல் எல்லாம் தடுக்கப்படும். மூன்று சிலிண்டரும் தப்பும், நான்கு சிலிண்டரும் தப்பும். மவுண்டிங்கின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் இயல்பு அதிர்வெண் 17 ஆகிறது, எல்லை 24-க்கு ஏறுகிறது. 26.7-இல் துடிக்கும் நான்கு சிலிண்டர் கார் மயிரிழையில் தப்புகிறது. 20-இல் துடிக்கும் மூன்று சிலிண்டர் கார் மாட்டிக்கொள்கிறது. நண்பரின் நான்கு சிலிண்டர் காரில் நன்றாக இருந்த அதே கடினத்தை என் மூன்று சிலிண்டர் காரில் போட்டு நான் ஏமாந்தது இதனால்தான்.

சரிசெய்யும் வரிசை இது. மேல் மவுண்டிங்குகள் இரண்டையும் கம்பெனி ரப்பருக்குத் திருப்ப வேண்டும். இதில் பேரம் கிடையாது. டார்க் ராட் இன்செர்ட்டின் இடைவெளியை அரை மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராகக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் நடுக்கம் மிஞ்சினால் ஏ.சி. போட்டும் அணைத்தும் ஐடிலிங் வேகத்தைக் குறித்துக்கொண்டு, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஸ்கேனர் வழியாக 50 ஆர்.பி.எம். கூட்ட முடியுமா என்று பார்க்கலாம். 850-இல் மூன்று சிலிண்டரின் துடிப்பு 21.3 ஆகிறது, நான்கினுடையது 28.3. இன்செர்ட் புதியது என்றால் முதல் சில நூறு கிலோமீட்டரில் சிறிது படிந்து தணியும். ஒரு மாதம் ஆகியும் தணியவில்லை என்றால் காத்திருந்து பயனில்லை, கடினம் குறைந்ததற்கு மாற வேண்டும்.

ஐடிலிங்கில் அமைதி, 2,000-க்கும் 3,000-க்கும் நடுவே ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்

இது ரப்பரின் கடினத்தால் வருவது அன்று. பெரும்பாலும் மாட்டிய முறையால் வருவது. இன்ஜின் ஒரு பக்கமாக இழுபட்ட நிலையில் போல்ட்டுகளை முறுக்கியிருந்தால், உருளை நடுவில் நிற்காமல் இன்செர்ட்டில் சாய்ந்தே இருக்கும். சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க, இன்ஜின் அணைந்து கியர் நியூட்ரலில் இருக்கும்போது மவுண்டிங் போல்ட்டுகளை ஓரிரு சுற்றுத் தளர்த்தி, இன்ஜினைக் கையால் முன்பின்னாக நான்கைந்து முறை அசைத்து அமரவிட்டு, பிறகு டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். பல கார்களில் இந்த போல்ட்டுகள் கோணக் கணக்கில் முறுக்கப்படுபவை, ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி போடக் கூடாது; அத்தகைய காரில் பழைய போல்ட்டை வைத்து இந்த அமர்த்தலைச் செய்து, பின் ஒவ்வொன்றாகப் புதியதை மாட்ட வேண்டும். மேல் மவுண்டிங்கைக் கழற்றும் வேலையானால் சம்ப்பின் (இன்ஜின் ஆயில் தொட்டியின்) அடியில் ஜாக்கியை நேரடியாக வைக்காமல் அகலமான மரக்கட்டையை இடையில் கொடுக்க வேண்டும்.

அமர்த்திய பிறகும் இரைச்சல் இருந்தால் எக்ஸாஸ்ட்டைப் பாருங்கள். முன்பு இன்ஜினோடு சேர்ந்து ஆடி இடத்தைத் தேடிக்கொண்ட பைப், இப்போது ஹீட் ஷீல்டையோ சப்ஃபிரேமையோ தொட்டுக்கொண்டு நிற்கலாம். தொடும் இடத்தில் துரு உரசி, பளபளப்பாக ஒரு பொட்டு இருக்கும்.

உதகையில் ஒரு விதம், கோவையில் ஒரு விதம்

நம் பக்கத்துக் கார்களுக்கே உரிய அறிகுறி இது. ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் பத்து நிமிடம் நடுக்கம். வண்டி சூடேறியதும் காணாமல் போகிறது. அதே கார் கோவைக்கு இறங்கினால் நடுக்கமே இல்லை, ஆனால் மறைந்துபோன ‘டொக்’ ஓசை திரும்புகிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு. குளிரில் ரப்பரும் பாலியூரித்தேனும் விறைக்கின்றன, வெயிலில் தளர்கின்றன. அதோடு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே அந்த அளவுக்குக் குறைந்த முறுக்கையே தருகிறது. கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். மலையில் மவுண்டிங் விறைப்பு, முறுக்கு குறைவு. சமவெளியில் மவுண்டிங் தளர்வு, முறுக்கு முழுமை. டர்போ கார் இழந்த காற்றைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்வதால் அதில் வேறுபாடு சற்றுக் குறைவு.

இதனால் மேலே மாட்டிய இன்செர்ட்டை மேலேயே சோதித்து முடிவு சொல்வது தவறாகிறது. நடுக்கத்தை உதகையில், விடியற்காலையில், ஏ.சி.க்குப் பதிலாக ஹீட்டர் ஓடும்போது சோதிக்க வேண்டும். ஆட்டத்தை மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, நண்பகலில், இன்ஜின் அறை நன்றாகக் காய்ந்தபின் சோதிக்க வேண்டும். என் காரில் 80 ஷோர் ஏ காலை நடுக்கத்தில் தோற்றது. 70 இன்செர்ட்டை, இழுபடும் பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டரும் அழுந்தும் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டரும் இடைவெளி விட்டு மாட்டியபோது இரண்டிலும் தேறியது. வேறு காருக்கு இந்த எண்கள் பொருந்தா. ஆனால் பர்லியாரைத் தாண்டி இறங்கும் வழியில் காற்று சூடேறுவதைக் கவனித்தபடி, அங்கே ஒருமுறை நிறுத்தி, பானட்டைத் திறந்து, சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறுவது எந்தக் காருக்கும் பொருந்தும்.